பதினெட்டுக் காகித உருளைகள்

ஊத்துமலைத் தோட்டத்தில் தேயிலைப் பை கட்டும் வேலை இரண்டு வருடம்கூட முழுதாக நடக்கவில்லை. அதை மூட வைத்தது எது என்று இப்போது தொழிலாளர் லயத்தில் கேட்டால் பாதிப்பேர் டொலர் தட்டுப்பாடு என்பார்கள். மீதிப்பேர் சிவசக்தி என்பார்கள். சிவசக்தியைக் கேட்டால் அவளும் தன் பெயரைத்தான் சொல்வாள்.

அவள் கொழுந்தெடுக்கும் லெட்சுமியின் ஒரே மகள். உயர்தரத்தில் வர்த்தகம் படித்தவள். சில புள்ளிகளில் பல்கலைக்கழகம் கைநழுவிப் போனதும், கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவில் வேலைக்குச் சேர்ந்தாள். பால்மா டின்னைத் திறந்ததுமே அது எத்தனை நாள் காற்றுப் பட்டுக் கிடந்தது என்று சொல்லிவிடுவாள். அதை அப்போது யாரும் திறமையாக நினைக்கவில்லை. நச்சரிப்பு என்றுதான் நினைத்தார்கள்.

இரண்டாயிரத்து இருபதாம் ஆண்டுக் கடைசியில் றிகாஸ் தோட்டத்துக்கு வந்தார். பதுளைக் கடைவீதியில் துணிக்கடை வைத்திருப்பவரின் மூத்த மகன். கொழும்பில் ஒரு தேயிலைக் கம்பெனியில் பத்து வருடம் இருந்துவிட்டு, சொந்தமாக ஏதாவது செய்ய வேண்டும் என்று திரும்பியிருந்தார். ஊத்துமலையில் ஆலை மூடப்பட்டு, கொழுந்தெல்லாம் லொறியில் பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. மூடிக் கிடந்த அந்த ஆலையை, தோட்டத்துப் பேச்சில் அது ‘ஸ்டோர்’, அவர் குத்தகைக்கு எடுத்தார். வாப்பாவின் கடையை வங்கியில் ஈடு வைத்துப் பழைய இயந்திரம் ஒன்றை வெளிநாட்டிலிருந்து தருவித்தார்.

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் நின்று அவர் பேசியதைப் பலர் இன்னும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

“எங்கட தேயிலய சாக்குல கட்டி கொழும்பு ஏலத்துக்கு அனுப்புறோம். அங்கேருந்து கப்பல்ல போகுது. போற எடத்துல அவன் வேற நாட்டுத் தேயிலயோட கலந்து, பையில போட்டு, பெட்டி கட்டி, ஒரு பேர் வச்சு விக்கிறான். கலக்குற வேல, ருசி பாக்குற வேல, பெட்டி கட்டுற வேல எல்லாம் அவன்ட நாட்டுல இரிக்கி. எங்களுக்குக் கொழுந்து எடுக்கிற வேல மட்டும்தான். மத்த வேலைகளயும் இங்க கொண்டு வரத்தான் நான் வந்திரிக்கேன்.”

“மெசின் நின்னுப்போச்சின்னா என்னாங்க செய்யிறது?” என்று லெட்சுமி கேட்டாள்.

“நிக்காதுங்க,” என்றார் றிகாஸ். அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினார்.

ஆள் எடுத்த நாளில் ஸ்டோரின் பழைய மேசையில் பன்னிரண்டு கோப்பைகளில் தேநீர்ச் சாயம் ஊற்றி வைத்தார். எந்தெந்தக் கோப்பையில் ஒரே தேயிலை என்று கண்டுபிடிக்கச் சொன்னார். வந்தவர்கள் சிரித்துக்கொண்டே குடித்துப் பார்த்துவிட்டு எல்லாம் ஒன்றுதான் என்றார்கள். சிவசக்தி மெதுவாக ஒவ்வொன்றாக வாயில் வைத்துத் துப்பினாள்.

“மூணாவதும் எட்டாவதும் ஒண்ணுங்க. கடைசி கோப்பை ஆடி மாசத்துத் தேயில, காத்துக் காலத்துல எடுத்தது. அஞ்சாவதுல ஈரச்சாக்கு வாடை வருது.”

றிகாஸ் ஐந்தாவது கோப்பையைத் தூக்கி மோந்து பார்த்தார். பிறகு சாக்கைப் போய்ப் பார்த்தார். அடிப்பக்கம் நனைந்திருந்தது. அன்றைக்கே அவளை ருசி பார்க்கிற வேலைக்கு எடுத்து, இரண்டு மாதப் பயிற்சிக்குக் கொழும்புக்கு அனுப்பினார்.

முப்பத்து நான்கு பெண்கள் சேர்ந்தார்கள். சேர்வது லேசான காரியமாக இருக்கவில்லை. ஸ்டோருக்குப் போகிறவர்களின் பெயரைத் தோட்டத்து இடாப்பிலிருந்து வெட்டிவிடுவோம் என்று தோட்டத்தை நிர்வகிக்கும் துரை சொல்லிவிட்டார். இடாப்பில் பெயர் இருந்தால்தான் நிரந்தர வேலை, சேமலாப நிதி, பிரசவ லீவு. லெட்சுமி போகவில்லை. ஜீவராணி போனாள். அவளுக்கு முப்பத்திரண்டு வயது, இரண்டு பெண்பிள்ளைகள். புருஷன் லொறியிலிருந்து விழுந்து இடுப்பு அடிபட்டுப் படுத்திருந்தான். அந்த வீட்டில் இடாப்பில் இருந்தது அவள் பெயர் ஒன்றுதான்.

“யோசிச்சியாக்கா?” என்று சிவசக்தி கேட்டாள்.

“அட்ட கடிக்காத வேல ஒண்ணு செஞ்சி பாக்கணும் சக்தி. பொறந்ததுலருந்து ஆச,” என்றாள் ஜீவராணி.

முதல் வருடம் நன்றாகத்தான் போனது. பெண்கள் தலையில் வலைத்தொப்பி போட்டு, கையுறை மாட்டி, மேசைகளின் முன் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் வேலை அவர்களில் யாருக்கும் பழக்கமில்லை. ஆரம்பத்தில் முதுகு வலிக்கிறது என்று எழுந்து எழுந்து நின்றார்கள். இயந்திரத்தைத் துஷாந்த் ஓட்டினான். பெரகலக்காரன், வாய் பேசாமல் வேலை செய்பவன். பக்கத்துத் தோட்டத்து ஆலையிலிருந்து தேயிலையும் வெலிமடையிலிருந்து காய்ந்த புதினாவும் வந்தன. பெட்டியின் மேல் தங்க எழுத்தில் ஊத்துமலை என்று அச்சடித்திருந்தது. ஆங்கிலத்திலும் கீழே சின்னதாகத் தமிழிலும். முதல் பெட்டிகள் வந்த அன்று ஜீவராணி ஒரு வெறும் பெட்டியைக் கேட்டு வாங்கிப்போய் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

சிவசக்தி ஒவ்வொரு தொகுதியையும் ருசி பார்த்துத் தாளில் குறித்தாள். நிறம், வாசம், ருசி, ஈரம். கடைசியில் அவள் கையெழுத்து. அது இல்லாமல் எந்தப் பெட்டிக்கும் நாடா ஒட்டக் கூடாது என்பது றிகாஸ் வைத்த சட்டம். இரண்டு தடவை அவள் வேண்டாம் என்று சொன்ன தொகுதியை அவர் ஒரு வார்த்தை பேசாமல் திருப்பி அனுப்பினார். ஜெர்மனியில் ஒரு சின்னக் கம்பெனி வாங்கியது. முதல் கண்டெய்னர் போனது, இரண்டாவது போனது. மூன்றாவதை ஆடிக்காற்றுத் தேயிலையில் மட்டும் செய்து தரச் சொன்னார்கள். ஊவா மாகாணத்துத் தேயிலைக்கு உலகத்தில் பேர் வாங்கித் தந்தது அந்த இரண்டு மாதக் காற்றுதான். அதைத் தனியாகப் பெட்டியில் போட்டு விற்க வேண்டும் என்பது றிகாஸின் நெடுநாள் ஆசை.

இதற்கிடையில் நாட்டில் இரசாயன உரத்தைத் திடீரென்று நிறுத்தினார்கள். மலை மஞ்சளித்தது. பதினெட்டுக் கிலோ எடுத்த கைகள் பத்துக் கிலோவுக்கு அல்லாடின. இடாப்பில் இருந்தவர்களே அரை நாள் சம்பளத்துக்கே திண்டாடியபோது ஸ்டோருக்கு வந்த பெண்கள், நல்ல வேளை வந்தோம் என்று சொல்லிக்கொண்டார்கள்.

அடுத்த வருடம் டொலர் இல்லாமல் போனது.

தேயிலை நம்முடையது. ஆனால் பை செய்கிற காகிதம் நம்முடையதல்ல. கொதிதண்ணீரில் கரையாமல், வாடை விடாமல் இருக்கிற அந்தக் காகிதம் இந்த நாட்டில் யாரும் செய்வதில்லை. நூல், பசை, இயந்திரத்தின் கத்தி எல்லாமே வெளியிலிருந்து வர வேண்டும். சாக்கில் போகிற தேயிலைக்கு இது எதுவும் தேவையில்லை, அது வழக்கம்போல் போய்க்கொண்டிருந்தது. றிகாஸ் வங்கிக்கும் ஸ்டோருக்குமாக அலைந்தார். காகிதத்துக்குக் கட்ட டொலர் கேட்டால் வங்கி கையை விரித்தது.

“டொலர் கொண்டு வாற வேலைக்கு டொலர் இல்லயாம்,” என்று ஒருநாள் துஷாந்திடம் சொன்னார். துஷாந்த் இயந்திரத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். ஓடாத இயந்திரத்துக்கு.

சித்திரையிலிருந்து அது நின்றது. பெண்கள் அரைச் சம்பளத்துக்குத் தினமும் வந்தார்கள். கண்ணாடி துடைத்தார்கள், தரை கழுவினார்கள். பஸ்ஸுக்கு டீசல் இல்லாமல் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு நடந்தார்கள். கோதுமை மா விலை ஏற ஏற ஜீவராணியின் வீட்டில் ரொட்டி சின்னதாகிக்கொண்டே வந்தது. அவள் பழைய இடத்துக்குத் திரும்பிப் போக முடியுமா என்று தோட்டத்து அலுவலகத்தில் கேட்டுப் பார்த்தாள். வெட்டிய பெயர் வெட்டியதுதான் என்றார்கள்.

ஆடி வந்தது, காற்று வந்தது, தேயிலையும் நன்றாக வந்தது. ஜெர்மனிக்காரர் ஆவணி முடிவதற்குள் பெட்டி கப்பல் ஏறாவிட்டால் வேறு இடம் பார்ப்பதாக எழுதினார். அப்போதுதான் றிகாஸ் கொழும்பில் யாருடையதோ கிடங்கில் பதினெட்டு உருளைக் காகிதம் இருப்பதைக் கேள்விப்பட்டு, இரண்டு நாள் டீசல் வரிசையில் நின்று, லொறி பிடித்துக் கொண்டுவந்து சேர்த்தார்.

துஷாந்த் முதல் உருளையின் உறையைக் கிழித்தபோது சிவசக்தி வாசலில் நின்றாள். அங்கேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பூச்சி உருண்டை வாடை. காகிதத்தோடு ஒரே கிடங்கில் யாரோ துணியோ வேறு எதுவோ வைத்திருந்திருக்கிறார்கள்.

“முதலாளி, இதுல வாடை இருக்குங்க.”

றிகாஸ் காகிதத்தை முகத்தில் வைத்துப் பார்த்தார். “காத்துல போடுவோம்,” என்றார்.

முன்பு கொழுந்து வாட்டிய மேல்தளத்தில் கயிறு கட்டி, உருளைகளைப் பிரித்துப் பிரித்துத் தொங்கவிட்டார்கள். ஜன்னல்களைத் திறந்துவிட்டார்கள். நான்கு நாள் மலைக்காற்று அடித்தது. பெண்கள் மாற்றி மாற்றிக் காவல் இருந்து, கிழியாமல், ஈரம் படாமல் பார்த்துக்கொண்டார்கள். ஐந்தாம் நாள் ஜீவராணி மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது என்றாள். துஷாந்தும் போய்விட்டது என்றான். சிவசக்தி பத்துப் பை கட்டி, டின்னில் அடைத்து, மூன்று நாள் வைத்துத் திறந்து ஊற்றினாள். வாயில் வைத்தபோது ஒன்றும் இல்லை. துப்பிய பிறகு நாக்கின் அடியில் மெல்லியதாக அது வந்தது.

றிகாஸ் தன் சின்ன அறையில் இருந்தார். தாடி வளர்ந்திருந்தது.

“இருக்குங்க,” என்றாள்.

“எவ்வளவு?”

“கொஞ்சந்தான். ஆனா தேயில இழுத்துக்கும். கப்பல்ல ஒரு மாசம் அடைஞ்சி கெடந்தா கூடிரும்.”

“கூடாமலும் போகலாம்.”

“போகலாங்க.”

றிகாஸ் சொன்னார்: “தங்கச்சி, நான் ஒங்கள வற்புறுத்த மாட்டேன். வேணாம்னா இப்பவே சொல்லுங்க, அனுப்பல்ல. அனுப்பாட்டி அவன் வேற ஆளப் பாப்பான். வங்கி வாப்பாட கடைய எடுக்கும். இத மூட வேண்டி வரும். அனுப்பினா ஒரு வழி இரிக்கி. ஒங்கட நாக்கு சொல்ற மாதிரி இன்னொருத்தன்ட நாக்கு சொல்லுமான்னு எனக்குத் தெரியா. முடிவ நீங்களே எடுங்க. எனக்கு ஏலா.”

அவள் தாளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். முப்பத்து நான்கு பெண்களும் மேசைகளுக்கு முன்னால் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார்கள். யாரும் எதுவும் சொல்லாமலே எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது.

ஜீவராணி எழுந்து வந்தாள். “என்னா சொல்லுற?”

“வாடை இருக்குக்கா.”

“எனக்கு வரல. யாருக்கும் வரல. ஒனக்கு மட்டும் வருது.” அவள் குரலில் கோபம் இல்லை. “சின்னவ நேத்து பள்ளிக்கூடத்துல மயங்கி விழுந்துட்டா. காலையில ஒண்ணுங் குடுக்கல நான். ஒரு கையெழுத்துதானே சக்தி.”

சிவசக்தி நின்றபடியே மேசையில் தாளை வைத்தாள். வாசம் என்ற கட்டத்தில் ‘நன்று’ என்று எழுதினாள். ருசி என்ற கட்டத்திலும் அதையே எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். பெண்களில் ஒருத்தி கைதட்டினாள், மற்றவர்கள் தட்டவில்லை. துஷாந்த் இயந்திரத்தைப் போட்டான்.

பதினோரு நாள் மின்வெட்டுக்கு இடையில் இடையில் ஓட்டி, கண்டெய்னரை நிரப்பினார்கள். ஆவணி கடைசியில் லொறி பெரகலப் பாதையில் இறங்கியது. அந்த மாதம் முழுச் சம்பளம் கிடைத்தது. ஜீவராணி மீன் டின் வாங்கிக் குழம்பு வைத்து ஒரு கிண்ணம் சிவசக்திக்கும் கொடுத்தனுப்பினாள்.

ஐப்பசி நடுவில் மின்னஞ்சல் வந்தது. றிகாஸ் படித்துவிட்டு அறையை விட்டு வெளியே வரவில்லை. பிறகு சிவசக்தியைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். பெட்டியைத் திறந்தவுடன் வாடை அடித்ததாக எழுதியிருந்தார்கள். ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, எந்த இரசாயனம் என்றும் கண்டுபிடித்திருந்தார்கள். மொத்தச் சரக்கையும் அங்கேயே அழித்துவிடப் போகிறார்கள், அதன் செலவும் அனுப்பியவர் தலையில். கீழே அவள் நிரப்பிய தாளின் படத்தை இணைத்து, இந்தக் கையெழுத்தைப் போட்டவர் உண்மையிலேயே ருசி பார்த்தாரா என்று கேட்டிருந்தார்கள்.

மறுநாள் பெண்கள் ஸ்டோர் முற்றத்தில் கூடினார்கள். வங்கியிலிருந்து ஒருவர் வந்திருந்தார். பெண்களில் மூத்தவள் றிகாஸைப் பார்த்துக் கேட்டாள்: “சரியில்லாத சரக்குன்னு தெரிஞ்சா அனுப்புனீங்க?”

வங்கிக்காரரும் றிகாஸைப் பார்த்தார்.

“டெஸ்ட் பண்ணித்தான் அனுப்பினோம்,” என்றார் றிகாஸ். “நல்லதுன்னு சிவசக்தி எழுதித் தந்திச்சு. தாள் இரிக்கி.”

சிவசக்தி மீதியையும் அவர் சொல்வார் என்று காத்திருந்தாள். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். முப்பத்து நான்கு பேருக்கும் நடந்தது தெரியும். மேல்தளத்தில் காகிதம் கட்டிய கைகள் அவர்களுடையவை. ஆனால் அந்த நேரத்தில் அவர்களுக்கும் ஒருவர் பெயர் தேவைப்பட்டது. றிகாஸ் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. எழுதியது அவள்தான்.

மாத முடிவில் இயந்திரத்தைக் கழற்றி ஏற்றிப் போனார்கள். பதுளையில் துணிக்கடையின் பெயர்ப்பலகை இறங்கியது. றிகாஸ் கட்டாருக்குப் போய்விட்டதாகக் கேள்வி. அங்கே ஒரு சுப்பர்மார்க்கட்டில் தட்டுகளில் சாமான் அடுக்குகிறாராம்.

தோட்டத்துக்கு அந்த வருடம் கெட்ட வருடம் இல்லை. ரூபாய் விழுந்ததால் ஏலத்தில் தேயிலைக்கு ரூபாய்க் கணக்கில் என்றும் இல்லாத விலை. துரை பெரட்டில் சிரித்துக்கொண்டே சொன்னார்: “சாக்குல அனுப்புனாலே போதும்னு நான் அப்பவே சொன்னேன்.” அவர் அப்போது அப்படிச் சொன்னதாக யாருக்கும் நினைவில்லை. பெயர் வெட்டுப்பட்டவர்களை அவர் திரும்ப இடாப்பில் சேர்க்கவில்லை. வேண்டுமானால் கைக்காசுக்கு எடுக்கலாம், எடுத்த கிலோவுக்கு அன்றைக்கே காசு, வேறு ஒன்றும் இல்லை என்றார். தொப்பியும் கையுறையும் போட்டிருந்த பெண்கள் கூடையோடு மலைக்கு ஏறினார்கள். சிவசக்தி அவர்களோடு ஏறினாள். பிள்ளைக் காம்பராவில் அவள் இடத்துக்கு வேறு ஒருத்தி வந்துவிட்டாள். தேயிலைச் செடிகளின் நிரையில் அவளுக்குப் பக்கத்தில் நிற்க யாரும் விரும்பவில்லை. லெட்சுமி தன் நிரையை விட்டு வந்து மகளுக்குப் பக்கத்தில் நின்றாள். அதற்காகக் கங்காணியிடம் ஏச்சு வாங்கினாள்.

“நீ ஏம்மா?” என்றாள் மகள்.

“கொழுந்தப் பாத்து எடு,” என்றாள் தாய்.

தை மாதம் ஜீவராணி சவூதிக்குப் போக ஒழுங்கு செய்தாள். வீட்டு வேலை, இரண்டு வருட ஒப்பந்தம். பிள்ளைகளையும் படுத்திருந்த புருஷனையும் தங்கையிடம் விட்டாள். பதுளையிலிருந்து கொழும்பு பஸ் ஏறும் நாளில் சிவசக்திதான் பையைத் தூக்கிக்கொண்டு போனாள். பஸ் நிலையத்தில் இருவரும் பிளேன்டீ வாங்கினார்கள். சிவசக்தி அதைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தாள்.

“என்மேல கோவமாக்கா?”

ஜீவராணி யோசித்தாள். “நீ போடலன்னா அன்னிக்கே ஒன்ன திட்டியிருப்பேன். போட்டதுக்கு இப்ப திட்டுறேன். ரெண்டுக்கும் சேத்து நீயே வாங்கிக்க. வேற யார்கிட்ட போயி குடுக்க நான்?” அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறி, ஜன்னல் பக்கம் இல்லாத இருக்கையில் உட்கார்ந்துவிட்டாள். பஸ் நகரும்போது அவள் முகம் தெரியவில்லை.

அதற்குப் பிறகு சிவசக்தி கொழும்பில் இரண்டு கம்பெனிகளுக்கு விண்ணப்பம் போட்டாள். ஒன்றில் கூப்பிட்டார்கள். ஆறு கோப்பை வைத்தார்கள், ஆறையும் சரியாகச் சொன்னாள். எதிரே இருந்தவர் மகிழ்ந்து போய், முன்பு வேலை செய்த இடம் ஏன் மூடியது என்று கேட்டார். அவள் நடந்ததை நடந்தபடி சொன்னாள். அறிவிக்கிறோம் என்றார்கள். அறிவிக்கவில்லை. பொய் சொல்லியிருக்கலாமே என்று லெட்சுமி கேட்டபோது, “ஒருக்கா எழுதுனது போதும்மா,” என்றாள்.

ஜீவராணியின் தொலைபேசி அழைப்பு முதல் ஐந்து மாதம் வெள்ளிக்கிழமைகளில் வந்தது. பிறகு நின்றது. தங்கை, அவளை அனுப்பிய முகவரிடம் போய்க் கேட்டால், ஆள் சுகமாக இருக்கிறாள், எஜமானி போன் கொடுப்பதில்லை, அவ்வளவுதான் என்றார். சின்னவள் எட்டு வயதிலும் தெரியாதவர்களைக் கண்டால் கதவுக்குப் பின்னால் போய் நின்றாள். சிவசக்தி கைக்காசில் கிடைத்ததில் கொஞ்சம் அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள். போதவில்லை. அவளும் தாயும் சேர்ந்து உழைத்தும் இரண்டு வீட்டுக்குப் போதவில்லை.

இரண்டாயிரத்து இருபத்து நான்கில், பங்குனியில், அவள் பதுளைக்குத் தனியாகப் போனாள். கடைவீதிக்கு மேலே, மாடியில் முகவரின் அலுவலகம். முகவருக்கு ஸப்வான் என்று பெயர். வயதானவர், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் பேசுகிறவர். சுவரோரம் பத்துப் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பாதிப்பேர் தோட்டத்துப் பெண்கள், கைகளைப் பார்த்தாலே தெரிந்தது.

அவர் படிவத்தை இழுத்து வைத்துக்கொண்டு கேட்டார்.

“படிப்பு?”

“உயர்தரம். வர்த்தகம்.”

“முந்தி செஞ்ச வேல?”

“தேயில ருசி பாக்குற வேலங்க.”

அவர் பேனாவை நிறுத்திவிட்டுக் கண்ணாடியை இறக்கி அவளைப் பார்த்தார். கேலி செய்யவில்லை. “நல்ல வேல அது. ஆனா அப்பிடி ஆள் அங்கேருந்து கேக்கல்ல மகள். சமைக்க, கழுவ, புள்ள பாக்கத்தான் கேக்கிறாங்க. புள்ள பாத்த பழக்கம் இரிக்கா?”

“இருக்குங்க. பிள்ளைக் காம்பராவுல ரெண்டு வருஷம்.”

“அத எழுதுவோம்,” என்றார். எழுதினார். வயது, உயரம், எடை கேட்டு எழுதினார். சமையலில் என்னென்ன தெரியும் என்று கேட்டு, அவள் சொன்னதில் பாதியை எழுதினார். பிறகு, படம் எடுக்கிறவர் வரும் வரைக்கும் அங்கே உட்காருங்கள் என்று சுவரோரத்தைக் காட்டினார்.

சிவசக்தி போனாள். உட்கார்ந்திருந்த பெண்கள் கொஞ்சம் நெருங்கி அவளுக்கு இடம் விட்டார்கள்.